நுண்ணுயிரின் வரவு செலவுக் கணக்கு

இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ஆடைகளில் உள்ள ஸ்பாண்டெக்ஸ் இழை, வாகனங்களின் மின்னிணைப்புகளைத் தாங்கும் உறுதியான பிளாஸ்டிக், மண்ணில் மக்கக்கூடிய சிலவகைப் பைகள் ஆகியவற்றுக்கெல்லாம் மூலப்பொருளாக அமையும் திரவம் ஒன்று உண்டு. 1,4-பியூட்டேன்டையால் என்பது அதன் பெயர். 1930களில் ஜெர்மானிய வேதியியலாளர் வால்டர் ரெப்பே, அசெட்டிலீன் வாயுவையும் பார்மால்டிஹைடையும் கொண்டு இதனைத் தயாரிக்கும் வழியைக் கண்டார். அன்று தொட்டு நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவற்றைச் சார்ந்தே இதன் உற்பத்தி நடந்து வந்தது. இதனை உண்டாக்கும் உயிரினம் ஒன்று இயற்கையில் இருப்பதாக அறியப்படவில்லை.

இத்தகைய பொருளை ஒரு பாக்டீரியாவைக் கொண்டு, சர்க்கரையிலிருந்து தயாரித்துக் காட்டிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. அமெரிக்காவின் சான்டியேகோவில் உள்ள ஜினோமேட்டிகா நிறுவனத்தார் அதனைச் செய்தனர். அந்த ஆய்வில் நம் கருத்தைக் கவர்வது விளைபொருள் மட்டுமன்று. அதற்கு முன்னர் நடந்த கணக்கீடும் ஆகும். ஆய்வுக்கூடத்தில் மரபணுவைத் தொடுவதற்கு முன்பே, எந்த வழி நடக்கும், எந்த வழி நடக்காது என்று கணிப்பொறியில் எடை போட்டுப் பார்த்தனர். அந்த எடை போடும் முறை எவ்வாறு இயங்குகிறது, அதன் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாதையும் பாதைகளின் பட்டியலும்

உயிரணு ஒன்றினுள் சர்க்கரை நுழைந்ததும் அது ஒரே பாய்ச்சலில் வேறொரு பொருளாகிவிடுவதில்லை. ஒரு நொதி அதனைச் சிறிதே மாற்றி அடுத்த நொதியிடம் ஒப்படைக்கிறது. அது மேலும் சிறிது மாற்றி அடுத்ததிடம் தருகிறது. கைமாறிக் கைமாறிச் செல்லும் இந்தத் தொடரையே வளர்சிதை மாற்றப் பாதை என்கிறோம். இப்பாதைகள் தனித்தனியாக ஓடுவன அல்ல. ஓர் ஊரின் தெருக்களைப் போல ஒன்றையொன்று வெட்டியும் இணைந்தும் செல்வன. ஆய்வுக்கூடங்களில் பெரிதும் பயன்படும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவின் மரபுத்தொகுதி 1997இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. அதனடிப்படையில் அமைந்த ஐஎம்எல்1515 என்னும் கணிப்பொறி மாதிரி 2017இல் வெளியானது. அதில் 1,515 மரபணுக்களும் 2,719 வினைகளும் இடம்பெற்றுள்ளன.

இந்தத் தெருக்களின் நடுவே, இதுவரை இல்லாத ஓர் ஊருக்குப் புதிதாக ஒரு சாலை போட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? எந்த நொதிகளை வெளியிலிருந்து கொண்டு வருவது? நொதிகள் செய்யும் வினைகள் எண்ணற்றவை எனினும், அவை ஒரு சில வகைகளுக்குள் அடங்கும். ஆல்டிஹைடை ஆல்கஹாலாக்குவது ஒரு வகை. அமிலத்திலிருந்து கரியமில வாயுவை நீக்குவது மற்றொரு வகை. இவ்வகைகளை விதிகளாக எழுதிக் கணிப்பொறியிடம் கொடுத்து, பியூட்டேன்டையாலிலிருந்து பின்னோக்கி நடக்கச் செய்தால், உயிரணுவில் ஏற்கெனவே உள்ள பொருள்களை வந்தடையும் வழிகள் அனைத்தையும் அது பட்டியலிட்டு விடும். ஜினோமேட்டிகா ஆய்வாளர்களுக்கு இவ்வாறு கிடைத்த வழிகள் 10,000க்கும் மேற்பட்டவை.

ஒரு வழியை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப் பல மாதங்கள் ஆகும். பத்தாயிரத்தையும் சோதிக்க எவருடைய ஆயுளும் போதாது. எனவே பட்டியலைச் சுருக்கியாக வேண்டும். அதற்கு மூன்று தராசுகள் தேவைப்படுகின்றன.

முதல் தராசு: பங்கீடு

நம் சமுதாயத்தார்க்கு நன்கு அறிமுகமான ஃபராயிள் எனப்படும் வாரிசுரிமைக் கணக்கைக் கொண்டு இதனை விளக்கலாம். இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து ஓர் அளவுடையது. வாரிசுகள் எத்தனை பேராயினும் அவர்கள் பெறும் பங்குகளின் கூட்டுத்தொகை அந்தச் சொத்தை மிஞ்ச முடியாது. கணவரையும் உடன்பிறந்த சகோதரியர் இருவரையும் விட்டு ஒரு பெண் இறந்தால், கணவருக்குரியது பாதி, சகோதரியர்க்குரியது மூன்றில் இரண்டு. இரண்டையும் கூட்டினால் ஆறில் ஏழு வருகிறது. சொத்தைவிடப் பங்கு கூடிவிடுகிறது. அப்பொழுது சட்ட அறிஞர்கள் 'அவ்ல்' என்னும் முறையைக் கையாண்டு, சொத்தை ஏழாகப் பகுத்துக் கணவருக்கு மூன்றும் சகோதரியர்க்கு நான்கும் தருவர். எவர்க்கும் அநீதியின்றி அனைவர் பங்கும் ஒரே விகிதத்தில் குறைகிறது.

சர்க்கரை மூலக்கூறும் இத்தகைய ஒரு சொத்தே. குளுக்கோஸ் ஒன்றில் 6 கரியணுக்கள் உள்ளன; பியூட்டேன்டையால் ஒன்றில் 4. கரியை மட்டும் எண்ணினால் ஒரு குளுக்கோஸிலிருந்து ஒன்றரை பியூட்டேன்டையால் கிடைக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் சொத்து கரி மட்டுமன்று. ஒரு பொருளை முற்றிலும் எரித்து நீரும் கரியமில வாயுவும் ஆக்கும்பொழுது அது ஆக்சிஜனுக்கு எத்தனை எலெக்ட்ரான்களை வழங்குகிறது என்பதும் எண்ணப்பட வேண்டும். குளுக்கோஸ் ஒன்று வழங்குவது 24. பியூட்டேன்டையால் ஒன்று தன்னுள் கொண்டிருப்பது 22. ஆகவே 24ஐ 22ஆல் வகுக்கக் கிடைக்கும் 1.09 என்பதே உச்ச வரம்பு. அதாவது 11 குளுக்கோஸ் மூலக்கூறுகளிலிருந்து 12 பியூட்டேன்டையாலும், 18 கரியமில வாயுவும், 6 நீரும் கிடைக்கும். வாசகர்கள் கரியை எண்ணிச் சரிபார்க்கலாம்: வரவு 66, செலவு 48உம் 18உம் சேர்ந்து அதே 66.

எடையில் சொல்வதாயின், 100 கிலோ குளுக்கோஸிலிருந்து 54.6 கிலோவுக்கு மேல் பியூட்டேன்டையால் எடுக்க இயலாது. எத்துணைத் திறமையான விஞ்ஞானியாலும் இந்த வரம்பைக் கடக்க முடியாது. இது உச்ச வரம்பு மட்டுமே. நுண்ணுயிர் தானும் வளர வேண்டும், தன்னைப் பேணிக்கொள்ள ஆற்றலும் வேண்டும். அவையும் பங்கு கேட்கும் வாரிசுகளே. மேலும், வழிக்கு வழி கணக்கு மாறும். வீணாகக் கரியமில வாயுவை வெளியேற்றும் வழியும், ஆற்றலை மிகுதியாக விழுங்கும் வழியும் இந்த 54.6ஐ நெருங்கவே மாட்டா. அத்தகைய வழிகள் முதல் தராசிலேயே நீங்கி விடுகின்றன.

இரண்டாம் தராசு: மேடும் பள்ளமும்

பங்கீடு சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. இரு குளங்களில் உள்ள நீரின் அளவைக் கணக்கிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம் என்று ஏட்டில் எழுதலாம்; கணக்கும் நேராகும். ஆனால் இரண்டாவது குளம் மேட்டில் இருந்தால் நீர் தானாக அங்கே ஏறுமா? வேதிவினைகளுக்கும் மேடு பள்ளம் உண்டு. வெப்ப இயக்கவியல் அதனைக் கட்டிலா ஆற்றல் என்னும் அளவால் குறிக்கிறது. ஒவ்வொரு படியிலும் அது இறங்க வேண்டும். ஏறும் படி ஒன்றிருந்தால், வேறொரு வினையின் இறக்கத்தை அதனோடு பிணைத்து இழுக்க வேண்டும்.

பியூட்டேன்டையாலுக்குச் செல்லும் வழியிலேயே இதற்கு நல்ல சான்று உள்ளது. நான்கு கரியணுக்களைக் கொண்ட 4-ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்னும் அமிலத்தை ஆல்டிஹைடாக மாற்ற வேண்டிய கட்டம் அது. உயிரணுவில் எலெக்ட்ரான்களைச் சுமந்து திரியும் என்ஏடிஎச் என்னும் மூலக்கூறு இந்த அமிலத்துக்கு நேரடியாக அவற்றை ஏற்றிவிட முடியாது; அது செங்குத்தான மேடு. எனவே முதலில் அந்த அமிலத்தைக் கோஎன்சைம் ஏ என்னும் துணைப்பொருளோடு பிணைத்து ஆற்றல் மிக்கதாக்கி, அதன் பின்னரே ஒடுக்க வேண்டியுள்ளது. இந்தச் சுற்றுவழிக்கு உயிரணு ஆற்றலாக ஒரு விலை கொடுக்கிறது. அந்த விலையும் முதல் தராசின் செலவுப் பக்கத்தில் ஏறிவிடுகிறது. இங்ஙனம் இரு தராசுகளும் ஒன்றையொன்று திருத்துகின்றன.

ஆய்வாளர்கள் விளைச்சல், படிகளின் எண்ணிக்கை, ஈ.கோலைக்கு அந்நியமான படிகளின் எண்ணிக்கை, இதுவரை எந்த நொதியும் செய்து காட்டாத படிகளின் எண்ணிக்கை, வெப்ப இயக்கவியல் இசைவு ஆகியவற்றைக் கொண்டு பட்டியலை வரிசைப்படுத்தினர். 4-ஹைட்ராக்சி பியூட்டிரேட் வழியாகச் செல்லும் பாதை முன்னிலை பெற்றது. அதற்கு வேண்டிய நொதிகளுள் சிலவற்றின் மரபணுக்கள், ஈறு நோயோடு தொடர்புடைய பார்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்டன. மனிதனின் பல்லை ஆட்டம் காணச் செய்யும் உயிரிடத்திலும் மனிதனுக்குப் பயன் தரும் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. படைப்பில் வீண் என்று எதையும் ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை.

மூன்றாம் தராசு: முழு உயிரணு

பாதையைத் தனியே எடை போட்டாயிற்று. ஆனால் அது முழு உயிரணுவுக்குள் அல்லவா இயங்க வேண்டும்? அங்கே சர்க்கரைக்கு ஆயிரம் உரிமைக்காரர்கள் உள்ளனர். இந்த நிலையில் உதவுவதே ஓட்டச் சமநிலைப் பகுப்பாய்வு என்னும் முறை.

அதன் அடிப்படை எளியது. உயிரணுவின் உள்ளே உள்ள ஒவ்வோர் இடைப்பொருளும் தேங்கவும் கூடாது, வற்றவும் கூடாது. உண்டாகும் வேகமும் செலவாகும் வேகமும் சமமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வாறு ஒரு சமன்பாடு எழுதலாம். சமன்பாட்டின் இரு பக்கங்களையும் நேர் செய்து, அறியாததைக் கண்டறியும் கலையை ஒரு துறையாக ஒழுங்குபடுத்தியவர் கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி என்பதை நாம் அறிவோம். குறைவுபட்டதை ஈடுசெய்வது 'ஜப்ர்'. இருபுறமும் உள்ள ஒத்த உறுப்புகளை நேர்நிறுத்திக் கழிப்பது 'முகாபலா'. அவருடைய நூலின் பெரும்பகுதி வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. அந்த 'ஜப்ர்' அல்ஜீப்ராவாகவும், அவருடைய பெயர் அல்காரிதமாகவும் இன்றைய கணிப்பொறித் துறையில் நிலைத்துள்ளன.

எனினும் உயிரணுவின் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. சமன்பாடுகளைக் காட்டிலும் அறியாத எண்கள் மிகுதி. ஆகவே விடை ஒன்றல்ல, எண்ணற்றவை. அவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் கணிதம் 20ஆம் நூற்றாண்டில் பிறந்தது. 1939இல் சோவியத் ருஷ்யாவின் கான்டரோவிச், ஒட்டுப்பலகை ஆலைகளின் இயந்திரங்களுக்கு வேலையைப் பகிர்ந்தளிக்கும் சிக்கலிலிருந்து அதனைக் கண்டார். 1947இல் அமெரிக்கரான ஜார்ஜ் டான்ட்சிக் அதற்கு விரைவான தீர்வுமுறை அமைத்தார். நேரியல் திட்டமிடல் எனப்படும் இதனை, 1990களில் பெர்னார்ட் பால்சன் முதலியோர் ஈ.கோலையின் வளர்சிதை மாற்றத்துக்குப் பயன்படுத்தினர். இயன்ற அளவு விரைவாக வளர்வதே பாக்டீரியாவின் குறிக்கோள் என்று கொண்டு கணக்கிட்டால், அது எதை உண்டு எதை வெளியேற்றும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்ல முடிந்தது.

இங்குதான் பொறியாளர்க்கு இடையூறு எழுகிறது. பாக்டீரியா வளர விரும்புகிறது. நாமோ பியூட்டேன்டையாலை விரும்புகிறோம். வாரிசுகள் இருவரிடையே வழக்கு வந்தால் உயிரணு 'அவ்ல்' முறையைக் கடைப்பிடிப்பதில்லை. தன் வளர்ச்சிக்கு முதலிடம் கொடுத்து, நமக்கு மிச்சத்தைத் தருகிறது. இதற்கு 2003இல் பர்கார்ட், பார்க்கியா, மரானாஸ் ஆகியோர் 'ஆப்ட்நாக்' என்னும் கணக்கீட்டு முறையை முன்வைத்தனர். உயிரணுவின் எந்தெந்த வினைகளை நீக்கிவிட்டால், அது வளர வேண்டுமானாலே நமக்கு வேண்டிய பொருளைத் தயாரித்தாக வேண்டும் என்னும் நிலை ஏற்படும் என்று அது தேடுகிறது.

ஆக்சிஜன் குறைந்த சூழலில் ஈ.கோலை தன்னிடம் சேரும் எலெக்ட்ரான்களை இறக்கி வைக்க லாக்டிக் அமிலம், எத்தனால், சக்சினிக் அமிலம் முதலியவற்றை உண்டாக்கும். கரியைப் பார்மிக் அமிலமாக வெளியேற்றும் வழியும் அதற்கு உண்டு. கணக்கீடு காட்டியபடி இவ்வழிகளின் மரபணுக்களை ஆய்வாளர்கள் நீக்கினர். சுமையை இறக்க எஞ்சிய பெருவழி பியூட்டேன்டையாலாக அமைந்தது. நுண்ணுயிரின் சுயநலமும் நம் தேவையும் ஒரே பாதையில் நடக்கும்படி செய்யப்பட்டன.

தீர்ப்பா, அனுமதியா?

2011இல் அறிவிக்கப்பட்ட பாக்டீரியா, ஒரு லிட்டருக்கு 18 கிராம் அளவுக்குப் பியூட்டேன்டையாலைத் தந்தது. 2012இன் இறுதியில், ஐந்து வாரங்களில் 2,000 டன்னுக்கும் மேல் ஆலை அளவில் தயாரித்துக் காட்டப்பட்டது. 2016இல் இத்தாலியின் அட்ரியா அருகே, மூடப்பட்டுக் கிடந்த ஓர் அமினோ அமில ஆலையைப் புதுப்பித்து, ஆண்டுக்கு 30,000 டன் தயாரிக்கும் தொழிற்சாலையை நோவாமோன்ட் நிறுவனம் திறந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எடிவில் என்னுமிடத்தில் அதனினும் பெரிய ஆலை 2025இல் செயல்படத் தொடங்கியது.

இவ்வெற்றியைக் கண்டு, கணிப்பொறி சொன்னதெல்லாம் நடந்துவிடும் என்று முடிவு கட்டிவிடலாகாது. இந்தத் தராசுகள் 'முடியாது' என்று சொன்னால் அது தீர்ப்பு, மேல்முறையீடு இல்லை. கரியைப் படைக்கவோ, மேட்டில் நீரை ஏற்றவோ எந்த நொதியாலும் ஆகாது. ஆனால் அவை 'முடியும்' என்று சொன்னால் அது அனுமதி மட்டுமே. ஒரு நொதி வேலையைச் செய்யும் என்று கணக்கு சொல்லும். எவ்வளவு மெதுவாகச் செய்யும் என்று சொல்லாது. அமிலத்தை ஆல்டிஹைடாக்கும் கட்டத்தில் அமர்த்தப்பட்ட நொதி வேறொரு பொருளையும் பற்றிக்கொண்டு, விரும்பாத எத்தனாலையும் உண்டாக்கியது. இடைப்பொருள் நஞ்சாகுமா, விளைந்ததை நீரிலிருந்து பிரிக்க எவ்வளவு வெப்பம் செலவாகும் என்பனவும் இம்மூன்று தராசுகளுக்கும் வெளியே நிற்பவை. லிட்டருக்கு 18 கிராம் என்பதிலிருந்து தொழிற்சாலை வரை வந்த ஆண்டுகள், கணக்கு விட்டுவைத்த இவ்விடங்களை நிரப்பவே செலவாயின.

சந்தையும் ஒரு தராசே. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினை ஈஸ்ட்டின் உதவியோடு தயாரிக்கும் முறை அறிவியல் அளவில் முழு வெற்றி பெற்றது. 2013இல் சனோஃபி நிறுவனம் இத்தாலியில் உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால் செடியிலிருந்து எடுக்கப்பட்ட ஆர்ட்டிமிசினினின் விலை கிலோவுக்கு 250 டாலருக்கும் கீழே இறங்கியது. ஈஸ்ட் வழிச் சரக்கு அதனோடு போட்டியிட முடியவில்லை. 2015இல் அந்த ஆலை அதனைத் தயாரிக்கவே இல்லை. நுண்ணுயிர் கணக்கில் தவறவில்லை, விலையில் தவறியது.

அளவில் நேர்மை

இக்கணக்கு விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது. பெட்ரோலியத்துக்கு மாற்றாகத் தாவரச் சர்க்கரை என்ற முழக்கம் கேட்பதற்கு இனிது. முதல் தராசில் அதனை வைத்துப் பார்ப்போம். 30,000 டன் பியூட்டேன்டையாலுக்கு, ஒரு துளியும் வீணாகாவிடினும், ஏறத்தாழ 55,000 டன் சர்க்கரை வேண்டும். 10 இலட்சம் டன்னுக்கு 18 இலட்சம் டன்னுக்குக் குறையாத சர்க்கரை வேண்டும். உலகில் ஆண்டுதோறும் விளையும் உண்ணும் சர்க்கரை ஏறத்தாழ 18 கோடி டன். ஒரே ஒரு வேதிப்பொருளின் ஒரு பகுதித் தேவைக்கே அதில் நூற்றில் ஒரு பங்குக்கு இணையான அளவு போய்விடும். நொதித்தலுக்கான குளுக்கோஸ் பெரிதும் மக்காச்சோளம் போன்ற தானியங்களின் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அத்தானியம் விளையும் நிலமும், பாயும் நீரும், அதனை உண்ணக்கூடிய வாயும் இந்தப் பாகப்பிரிவினையில் வாரிசுகளே.

இதனால் இத்தொழில் கூடாது என்று நாம் சொல்லவில்லை. புதைபடிவக் கரியைத் தோண்டி எடுத்து வளிமண்டலத்தில் கலப்பதைவிட, இவ்வாண்டு காற்றிலிருந்து பயிர் எடுத்த கரியைப் பயன்படுத்துவது பல இடங்களில் மேலானதாகவே அமையும். வைக்கோல், சக்கை, ஆலைக்கழிவு ஆகியவற்றிலிருந்து சர்க்கரை பெறும் முறைகள் மேம்படுந்தோறும் உணவோடு உள்ள போட்டியும் குறையும். ஆனால் எவ்வளவு மேலானது, எந்த விலையில் என்பதை முழக்கத்தால் அல்ல, நிறுவையால் முடிவு செய்ய வேண்டும். கிடைப்பதைக் கூட்டிச் சொல்லி, செலவைக் குறைத்துச் சொல்லும் ஆலை அறிக்கையும் ஒரு கள்ளத் தராசே.

திருக்குர்ஆன் 'மீஸான்' என்னும் தராசைப் பல இடங்களில் நினைவூட்டுகிறது. அளவில் குறைப்போரின் பெயரையே ஓர் அத்தியாயம் தாங்கி நிற்கிறது. கடைவீதியில் தானியம் அளப்பவருக்கு உள்ள அந்தக் கடமை, கணிப்பொறியில் கரியணுக்களை அளப்பவருக்கும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியாவும் தனக்கு விதிக்கப்பட்ட அளவை மீறாமல், 66 கரியணுக்களுக்கும் கணக்குக் காட்டுகிறது. அதனிடமிருந்து பொருளைப் பெற முனையும் மனிதனும் தன் வரவையும் செலவையும் அதே நேர்மையோடு எழுதி வைக்கக் கடமைப்பட்டவன்.